மும்பையில் முதல் பாயின்ட் ஷூ: அளவு பார்ப்பதிலிருந்து ரிப்பன் தைப்பது வரை

பாலே டீச்சர் "இனி பாயின்ட் ஷூ வாங்கலாம்" என்று சொன்ன ராத்திரியே போனை எடுத்து, பள்ளிக்கூட ஷூவின் அளவைப் போட்டு ஆர்டர் செய்துவிடும் வீடுகள் பல. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். சலங்கை வேண்டுமென்றால் மாதுங்காவில் இறங்கி, கடையில் கேட்டு, கையோடு வாங்கி வந்துவிடலாம். பாலேக்கான மெல்லிய துணிக் காலணிகூட அதிகச் சிரமமில்லாமல் கிடைத்துவிடும். பாயின்ட் ஷூ அப்படியல்ல. உடம்பின் எடை முழுவதும் விரல் நுனியில் இறங்கும்போது அதைத் தாங்கப்போவது இந்த ஷூதான். அளவு தப்பினால் வலியோடு போகாது. நகம் கருக்கும், கணுக்கால் பிசகும்.

நான் மும்பையில் பாலே படிக்கும் மாணவி. அளவு, கஸ்டம்ஸ், தையல் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அலைந்து தெரிந்துகொண்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். அடிப்படையான விதி ஒன்றுதான்: டீச்சர் உங்கள் காலில் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை ஷூவைத் திருப்பிக் கொடுக்கக்கூடிய நிலையிலேயே வைத்திருங்கள். கீழே உள்ள படிகளில் பாதி அதற்காகத்தான்.

1. டீச்சரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்

பொதுவாகப் பதினொன்று, பன்னிரண்டு வயதுக்கு முன்னால் பொறுப்பான டீச்சர் யாரும் பாயின்ட் ஏற்றமாட்டார். அந்த வயதிலும் பாத எலும்புகள் வளர்ந்துகொண்டுதான் இருக்கும். அதனால் வயதைவிட பலம்தான் முக்கியம். சில வருடங்களாவது முறையான பாலே பயிற்சி இருக்க வேண்டும். முழங்கால் மடங்காமல் ஒற்றைக் காலில் சுமார் இருபது ரெலவே (குதிகாலைத் தூக்கி எழுவது) தள்ளாடாமல் எடுக்க முடிகிறதா என்று பார்ப்பார்கள். பாதத்தை நீட்டச் சொல்லி, கணுக்காலின் முன்பக்கம் ஒரு பென்சிலை நீளவாக்கில் வைத்தும் பார்ப்பார்கள். பென்சில் கணைக்கால் எலும்பில் முட்டிக்கொண்டு தூக்கி நின்றால், கணுக்கால் இன்னும் போதிய அளவு நீளவில்லை என்று பொருள்.

பரதம் ஆடிய பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொடை பலமும் தாளக்கட்டும் பாலேயில் நிச்சயம் உதவும். ஆனால் பரதம் முழுப் பாதத்தால் தரையைத் தட்டி ஆடும் கலை. நுனிவிரலில் எடையை நிறுத்தும் கணுக்கால் பலம் தனியாகத்தான் வளர வேண்டும். "எட்டு வருஷம் பரதம் ஆடியிருக்கா, சீக்கிரம் ஏத்திவிடுங்க" என்று டீச்சரை நெருக்காதீர்கள். மறுபக்கம், காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "வாங்கிட்டு வாங்க, பாத்துக்கலாம்" என்று டீச்சரே சொன்னால், விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் காலைக் காட்டிவிட்டு அப்புறம் முடிவெடுங்கள்.

சம்மதம் கிடைத்ததும் வாட்ஸ்அப்பிலாவது இவற்றைக் கேட்டு வாங்குங்கள்: எந்தெந்த பிராண்ட் பொருந்தும், ஷாங்க் (உள்ளங்காலுக்கு அடியில் வரும் பட்டை) எவ்வளவு கெட்டியாக இருக்க வேண்டும், உள்ளே விரல் பேட் போடலாமா, என்ன நிறம். நிறத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அந்த இளஞ்சிவப்பு சாட்டின் வெள்ளைத்தோலுக்காக வந்தது. நம் தோலோடு சேரும் பழுப்பு நிறங்களை லண்டன் ஃப்ரீட் நிறுவனம் பாலே பிளாக் நடனக் குழுவோடு சேர்ந்து 2018-இல் கொண்டுவந்தது. இப்போது வேறு சில நிறுவனங்களிடமும் கிடைக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். ஆனால் தேர்வுக்கும் மேடைக்கும் இளஞ்சிவப்புதான் என்று சில பள்ளிகள் வைத்திருக்கின்றன. பணம் கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

2. இந்தச் சொற்கள் தெரியாமல் விற்பவரிடம் பேச முடியாது

விரல்களைச் சுற்றியுள்ள கெட்டியான முன்பகுதிதான் பாக்ஸ். துணி, காகிதம், பசை என்று அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்தது. பாக்ஸின் நுனியில் நீங்கள் நிற்கும் தட்டையான இடம் பிளாட்ஃபார்ம். மேலிருந்து விரல்களை மூடுவது வேம்ப், பாக்ஸின் கெட்டி இரு பக்கமும் நீண்டு வருவது விங்ஸ், உள்ளங்காலுக்குக் கீழே ஓடும் பட்டை ஷாங்க்.

அகலத்தை ஃப்ரீட், கிரிஷ்கோ போன்றவர்கள் எக்ஸ் எழுத்தால் குறிப்பார்கள். எக்ஸ் கூடக்கூட ஷூ அகலம். ஒரு பிராண்டின் நம்பர் இன்னொன்றுக்குப் பொருந்தாது, தெருவில் போடும் செருப்பின் நம்பர் எதற்கும் பொருந்தாது. கெய்னர் மிண்டன் மட்டும் ஷாங்க்கையும் பாக்ஸையும் பசை அடுக்குகளால் செய்யாமல் செயற்கை எலாஸ்டோமரால் செய்கிறது. விலை கூடுதல், நெடுநாள் உழைக்கும். ஆனால் புதியவர்களுக்கு வேண்டாம் என்று சொல்லும் டீச்சர்களும் உண்டு.

"கெட்டி ஷாங்க்னா நல்லாத் தாங்கும்" என்று சொல்லி விற்பவர்களிடம் கவனமாக இருங்கள். பலம் போதாத பாதத்தால் கெட்டி ஷாங்க்கை வளைத்து மேலே ஏற முடியாது. முழுதாக ஏறாமல் பின்னால் சாய்ந்தே நின்று பழகிவிடும்.

3. காலை அளந்து வையுங்கள்

சாயங்காலம் அளங்கள். நாள் முழுக்க நடந்து, லோக்கல் ரயிலில் நின்று வந்த கால் காலையில் இருந்ததைவிடச் சற்று வீங்கியிருக்கும். வகுப்பும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். தாளின் மேல் இரண்டு காலிலும் சம எடை போட்டு நின்று, இன்னொருவரை வரையச் சொல்லுங்கள். நீளம், விரல்களின் அடிமூட்டு இருக்கும் இடத்தில் அகலம், இரண்டையும் மில்லிமீட்டரில் குறியுங்கள். அதே அகலத்தைக் காலைத் தூக்கிவைத்து, எடை போடாமலும் ஒரு தடவை அளங்கள். இரண்டுக்கும் அதிக வித்தியாசம் வந்தால் உங்கள் பாதம் அமுங்கிச் சுருங்கும் வகை. விற்பவருக்கு அது முக்கியமான தகவல்.

விரல் அமைப்பைப் போட்டோ எடுத்து வையுங்கள். கட்டைவிரல் நீண்டு மற்றவை இறங்குமுகமாக இருந்தால் ஒரு வகை பாக்ஸ், இரண்டாம் விரல் நீண்டால் வேறு, எல்லாம் ஒரே மட்டம் என்றால் அகலமான சதுர பாக்ஸ். பக்கவாட்டில் பாதத்தை நீட்டிய படம் ஒன்றும் வேண்டும்.

4. எங்கே வாங்குவது

முதல் ஜோடிக்கு, ஃபிட்டர் ஒருவர் உங்கள் காலைக் கையால் தொட்டுப் பார்த்துத் தருவதற்கு ஈடு எதுவும் இல்லை. மும்பையில் இருப்பு வைத்து விற்பவர்கள் குறைவு, இருக்கும் அளவுகளும் குறைவு. உங்கள் பள்ளியிலும் மற்ற பாலே பள்ளிகளிலும் விசாரியுங்கள். சில பள்ளிகள் மாணவிகளுக்குச் சேர்த்து மொத்தமாக வரவழைத்து, வகுப்பிலேயே போட்டுப் பார்க்க விடுவார்கள். கிடைத்தால் அதுதான் உத்தமம்.

கோடை விடுமுறைக்குச் சிங்கப்பூரில் சித்தி வீட்டுக்கோ லண்டனில் மாமா வீட்டுக்கோ போகிறீர்கள் என்றால், அங்கேயே ஃபிட்டிங்குக்கு முன்பதிவு செய்துவிடுங்கள். லண்டனில் ஃப்ரீடின் கடை செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருக்கிறது. முதல் ஃபிட்டிங்குக்கு ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். வரும்போது பில்லைக் கைப்பையில் வையுங்கள். ஒரு ஜோடி ஷூ பயணியின் வரியில்லா வரம்புக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது வழி, வீடியோ அழைப்பில் ஃபிட்டிங் செய்து கூரியரில் வரவழைப்பது. 2020-க்குப் பிறகு இது பரவலாகிவிட்டது. எடுத்த அளவுகளும் படங்களும் இங்கேதான் பயன்படும். முடிந்தால் அந்த அழைப்பில் டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சித்தியிடம் நம்பரைச் சொல்லி முதல் ஜோடியை வாங்கி வரச் சொல்வது மட்டும் வேண்டாம். உங்கள் கால் இங்கே இருக்கிறது. இரண்டாவது ஜோடியிலிருந்து, அதே பிராண்ட், அதே அளவு என்றால் தாராளமாகச் சொல்லலாம். பழைய ஷூ விற்பனையையும் சீனியர் அக்கா இரக்கப்பட்டுத் தரும் ஷூவையும் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஷாங்க் ஏற்கெனவே இன்னொருவரின் பாதத்துக்கு வளைந்திருக்கும்.

5. எவ்வளவு ஆகும்

பெயர்பெற்ற பிராண்டுகளின் ஷூ வெளிநாட்டில் சுமார் 80 முதல் 130 டாலர். அதன் மேல் கூரியர் கட்டணம். இவ்விரண்டும் காப்பீடும் சேர்ந்த தொகையின் மீதுதான் இங்கே இறக்குமதி வரி போடுவார்கள், ஷூவின் விலைக்கு மட்டுமல்ல; இந்த இடத்தில்தான் பலரின் கணக்கு உதைக்கும். சுங்கவரியைச் சேர்த்த தொகைக்கு மேல் ஜிஎஸ்டி. பிறகு வரியை முன்கூட்டிக் கட்டியதற்காகக் கூரியர் நிறுவனம் ஒரு கட்டணமும் அதற்கு ஜிஎஸ்டியும் கேட்கும். வரி விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுவதால் ஆர்டர் போடும் வாரத்தில் கூரியர் நிறுவனத்திடமே கேளுங்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேர 10,000 முதல் 18,000 ரூபாய் வரை ஆகலாம் என்று வைத்துக்கொண்டால் திண்டாட வேண்டியிருக்காது.

விரல் பேட் நல்லதாக வாங்கினால் ஓர் ஆயிரத்திலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு. ரிப்பன், எலாஸ்டிக், நூல் எல்லாமாகச் சில நூறு ரூபாய். ஒரே நேரத்தில் இரண்டு ஜோடி வாங்கினால் கூரியர் மிச்சம் என்று தோன்றும். வளரும் பிள்ளைக்கு அது நஷ்டம். இரண்டாவது பெட்டியைத் திறக்கும்போது கால் பெரிதாகியிருக்கும். "ஒரு நம்பர் பெருசா வாங்கிக்கலாம், அடுத்த வருஷமும் ஆகும்" என்ற பள்ளிக்கூட ஷூ கணக்கும் இங்கே ஆபத்து. பெரிய பாக்ஸுக்குள் கால் வழுக்கி இறங்கி, எடை முழுவதும் கட்டைவிரல் நகத்தின் மேல் விழும்.

6. பணம் கட்டுமுன் தயாராக வேண்டிய ஆவணங்கள்

கார்டிலிருந்து தொடங்குங்கள். 2020-இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை அணைக்கப்பட்ட நிலையில்தான் வரும். வங்கி ஆப்பில் அதைத் திறந்து, வரம்பு வைத்து, வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள்.

பெறுநர் பெயரில் பெற்றோரின் பெயரைப் போடுங்கள், பிள்ளையின் பெயரைப் போடாதீர்கள். கூரியரில் வரும் இறக்குமதிக்குப் பெறுநரின் கேஒய்சி கட்டாயம். என் வகுப்புத் தோழி ஒருத்தியின் ஷூ அவள் பெயரில் வந்தது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் பான் கார்டு கேட்டு நின்றுவிட்டார்கள். பெயரை மாற்ற அவள் அப்பா அலைந்த அலைச்சலில் ஆண்டுவிழாவே முடிந்துவிட்டது.

ஆதாரில் இன்னும் திருநெல்வேலி முகவரியோ சென்னை முகவரியோ இருக்கிறதா? மும்பை முகவரிக்கு வாடகை ஒப்பந்தமோ மின்கட்டண ரசீதோ கேட்கலாம், ஸ்கேன் எடுத்து வையுங்கள். ஷூவின் பில், பணம் கட்டியதற்கான சான்று இரண்டையும் பிடிஎஃப் ஆக வைத்திருங்கள். கேஒய்சி இணைப்பு குறுஞ்செய்தியில் வரும். அதைப் போலவே மோசடிச் செய்திகளும் வரும். செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், கூரியர் நிறுவனத்தின் தளத்துக்கு நீங்களே போய் டிராக்கிங் எண்ணைப் போட்டுப் பதிவேற்றுங்கள்.

உறவினர் அனுப்புவதாக இருந்தால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பெட்டியில் "அன்பளிப்பு" என்று எழுதவே கூடாது. வரி மிச்சமாகும் என்ற நல்லெண்ணத்தில் எழுதிவிடுவார்கள். தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்ற பெயரில் வரியில்லாமல் பொருள் வருவதை 2019 டிசம்பரில் தடை செய்துவிட்டார்கள். ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு. சொந்த உபயோகம், உண்மையான விலை, இவ்விரண்டும் இருந்தால் போதும்.

தபாலில் அனுப்பினால் கட்டணம் குறைவு, ஆனால் நாள் கூடும். சுங்கத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தால், பில்லோடு பல்லார்ட் எஸ்டேட்டிலுள்ள அயல்நாட்டு அஞ்சலகத்துக்குப் போக வேண்டியிருக்கலாம். சிஎஸ்எம்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம். கடிதத்தின் அசலையும் அடையாள அட்டையையும் எடுத்துப் போங்கள்.

கால அவகாசம்: கூரியருக்கு இரண்டு வாரம், தபாலுக்கு ஒன்றரை மாதம், அளவு சரியில்லாமல் மாற்ற நேர்ந்தால் அதே நாட்கள் இன்னொரு முறை, அதன்பின் ஷூ காலோடு பழக ஒரு மாதம். ஆண்டுவிழாத் தேதியிலிருந்து இதைப் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள்.

7. பெட்டி வந்ததும் செய்ய வேண்டியவை

பெட்டியைத் திறப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். தரையில் பாயோ கம்பளமோ விரித்து, ஷூவின் மேல் பழைய சாக்ஸை மாட்டிக்கொண்டு நில்லுங்கள். அடித்தோலில் அழுக்கு பட்டாலோ ரிப்பன் தைத்தாலோ யாரும் திருப்பி எடுக்கமாட்டார்கள். வகுப்பில் போடப்போகும் டைட்ஸ், பேட் இரண்டோடும்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

முதலில் தரையில் தட்டையாக நில்லுங்கள். விரல்கள் நீண்டு படுத்திருக்க வேண்டும், மடங்கவே கூடாது. நுனி லேசாகத் தொட வேண்டும். பிறகு ப்ளியே, அதாவது முழங்காலை மடக்குங்கள். இப்போது விரல்கள் பாக்ஸின் நுனியில் நன்றாக முட்டும். அழுத்தம் தெரியலாம், குத்தக் கூடாது.

அடுத்து, சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் நுனியில் வையுங்கள். எடையை முழுதாகப் போட வேண்டாம். அம்மாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, குதிகாலில் துணியைக் கிள்ளச் சொல்லுங்கள். விரல்களுக்கு இடையில் சிறு மடிப்பளவு துணி வந்தால் நீளம் சரி. கொத்தாக வந்தால் ஷூ பெரிது, ஒன்றுமே வரவில்லை என்றால் சிறிது. அதே நிலையில் வேம்ப்பின் ஓரத்தில் ஆள்காட்டி விரலை நுழைத்துப் பார்க்கட்டும். விரல் தாராளமாக உள்ளே போனால் பாக்ஸ் அகலம். கால் உள்ளே அமிழ்ந்துகொண்டிருக்கிறது. விரலே நுழையாமல் சதை மேலே பிதுங்கினால் குறுகல். விங்ஸ் கட்டைவிரல் மூட்டை மூட வேண்டும். ஷாங்க் உள்ளங்காலின் வளைவோடு ஒட்டி வர வேண்டும், ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டு போகக் கூடாது.

இந்தச் சோதனைகள் தேறினாலும் தைக்காதீர்கள். பெட்டியோடு வகுப்புக்குக் கொண்டுபோய் டீச்சரிடம் காட்டுங்கள். மாற்றிக்கொள்ளும் கெடு எத்தனை நாள் என்பதை ஆர்டர் போடும் முன்பே பார்த்துவைத்தால், டீச்சர் ஊரில் இல்லாத வாரத்தில் பெட்டி வந்து கெடு முடிந்துபோகாது.

8. ரிப்பன் தையல்

பாயின்ட் ஷூ பெரும்பாலும் ரிப்பன் தைக்காமல்தான் வரும். சாட்டின் ரிப்பன் சுமார் 22 மி.மீ. அகலத்தில் ஒரு ஜோடிக்கு இரண்டரை மீட்டர், எலாஸ்டிக் அரை மீட்டர். புலேஷ்வர் கடைகளில் இரண்டும் கிடைக்கும். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல் உள்ள ரிப்பனைக் கேளுங்கள். மங்கல் பக்கம் டைட்ஸைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் வழவழப்பான பரிசுப்பொட்டல ரிப்பன் பாதி வகுப்பில் அவிழும்.

ரிப்பனை நான்காக வெட்டி, ஒவ்வொரு முனையையும் விளக்குச் சுடரின் ஓரத்தில் ஒரு நொடி காட்டுங்கள். பாலியஸ்டர் உருகி முனை பிரியாமல் இறுகும். ஷூவின் குதிகாலை உள்பக்கமாக மடித்தால் இரு பக்கமும் ஒரு மடிப்பு விழும். ரிப்பன் அந்த மடிப்பை ஒட்டிச் சற்று முன்பக்கம் சாய்ந்து வர வேண்டும். பென்சிலால் குறித்து, ஊசியால் குத்தி வைத்து, ஒரு தடவை கட்டிப் பாருங்கள்.

ஓரத்தில் ஓடும் இழுகயிற்றைத் தையலில் சேர்த்துவிடாதீர்கள், பிறகு ஷூவை இறுக்கவே முடியாது. ஊசி உள்துணியில் மட்டும் ஏற வேண்டும், வெளியே சாட்டினில் தெரியக் கூடாது. புடவைக்கு ஃபால்ஸ் கையால் தைக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் கொடுங்கள். பட்டன் தைக்கும் தடித்த நூல் போதும், பல் இடுக்கு நூல் இன்னும் உறுதி. தெருமுனையில் செருப்புத் தைப்பவரிடம் கொடுக்க வேண்டாம். அவர் ஊசி தோலுக்கானது. சாட்டினையும் கயிற்றையும் சேர்த்துத் துளைத்துவிடும்.

கட்டும்போது முடிச்சு கணுக்காலின் உட்புறக் குழியில் வந்து, முனை உள்ளே செருகப்பட வேண்டும். குதிகால் தசைநாணின் மேல் முடிச்சு விழுந்தால் வீக்கம் நிச்சயம்.

9. முதல் வாரங்களும் மழைக்காலமும்

வகுப்பின் கடைசியில் பத்துப் பதினைந்து நிமிடம், பாரை (சுவரோரக் கைப்பிடிக் கம்பி) பிடித்துக்கொண்டு மட்டும். வீட்டு டைல்ஸில் ஆடவே ஆடாதீர்கள், சாட்டின் வழுக்கும். வயலின்காரர்கள் வில்லில் தடவும் ரோசினை ஷூவின் நுனியில் தடவினால் பிடிப்பு வரும். ஆனால் வினைல் தரை போட்ட பல ஸ்டூடியோக்களில் அதற்குத் தடை, கேட்டுவிட்டுத் தடவுங்கள்.

புது ஷூவைக் கதவிடுக்கில் வைத்து நெரிப்பதும் சுத்தியால் தட்டுவதும் வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். மேடைக்கு மேடை ஜோடி மாற்றும் தொழில்முறைக் கலைஞர்களின் முறை அது. நீங்கள் பாக்ஸை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தினால் போதும். ஷாங்க்கை எங்கே வளைப்பது என்பதை டீச்சர் கையால் காட்டட்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த ஊர் ஈரம் பசையை இளக்கிவிடும். வகுப்பு முடிந்ததும் பேட்டைத் தனியே எடுங்கள். ஷூவை பிளாஸ்டிக் கவரில் சுருட்டாமல் வலைப்பையில் போடுங்கள். வீட்டில் மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள் முழுதாவது காயட்டும். வெயிலிலோ ஹேர் டிரையரிலோ காட்ட வேண்டாம். உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் வைத்தால் அடித்தோலில் பூஞ்சை பிடிக்காது.

இளகிய பாக்ஸில் ஃபெவிக்விக் ஊற்றினால் மறுபடி கெட்டிப்படும் என்று யாராவது சொல்வார்கள். அந்தப் பசை பருத்தித் துணியில் பட்டால் சட்டென்று சூடேறும், புகை கண்ணை எரிக்கும். முதல் ஜோடிக்கு அது தேவையே இல்லை.

10. எப்போது நிறுத்துவது

மாணவியின் காலில் ஒரு ஜோடி உழைப்பது, பாயின்ட்டில் நின்ற நேரத்தை மட்டும் கணக்கிட்டால், பொதுவாகப் பத்து முதல் இருபது மணி நேரம். பிளாட்ஃபார்மை விரலால் அழுத்தினால் அமுங்குவது, ஷாங்க் கையால் சுலபமாக மடிவது, நுனியில் நிற்கும்போது தரை விரலில் உறைப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றோடு அந்த ஷூவில் பாயின்ட் ஏறாதீர்கள். சாட்டின் புத்தம்புதிதாகப் பளபளத்தாலும் சரி. வளரும் பிள்ளை என்றால் ஷூ தேய்வதற்குள் காலே பெரிதாகிவிடலாம். அதனால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூன்றாம் படியில் சொன்னபடி அளந்து பாருங்கள்.

அடுத்த ஜோடிக்கான ஆர்டரை முதல் ஜோடி இளகத் தொடங்கிய வாரத்திலேயே போடுங்கள். உள்ளே அச்சிட்டிருக்கும் மாடல், நீளம், அகலம், ஷாங்க் விவரங்கள் வியர்வையில் அழிந்துபோகும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, பில், கேஒய்சி நகல்களோடு ஒரே ஃபோல்டரில் போட்டுவையுங்கள்.